நாணயச் சங்கத்திலிருந்து சிபில் வரை

ஆவடியைத் தாண்டித் திருவள்ளூர் போகும் லோக்கல் ரயில் இந்து கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு என்று நின்று நின்று போய் செவ்வாப்பேட்டை ரோட்டைத் தொடும். அந்தப் பக்கத்து ஊர்தான் திரூர். விவசாயம் தெரிந்தவர்களுக்கு டி.கே.எம். நெல் ரகங்கள் நினைவுக்கு வரும். திரூர்குப்பம் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை அவை. திரூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த 1904-ஆம் ஆண்டிலேயே அங்கே ஒரு விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. தமிழ்நாட்டில் அதுவே முதல் சங்கம். இந்தியாவிலேயே முதல் என்று சொல்கிறவர்களும் உண்டு.

இந்தப் பழங்கதையை இப்போது எடுக்கக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் இரண்டு விதமான மனக்குறை அடிக்கடி காதில் விழுகிறது. ஒருவர் முப்பது வருடம் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் கைநீட்டிக் கடன் வாங்கியதில்லை. பென்ஷன் மாதாமாதம் வருகிறது. வயதான காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருக்கட்டுமே என்று ஒரு கிரெடிட் கார்டு கேட்டால், கிடையாது என்று பதில். இன்னொருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் நாலு லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ பிறகு கொரோனாவிலோ சில தவணை தவறிப்போனது. அப்புறம் எல்லாவற்றையும் கட்டிவிட்டார். அவருக்கும் கார்டு கிடையாது. இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அப்போ, நான் நாணயம் இல்லாதவனா?"

இந்த 'நாணயம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். கையில் இருக்கும் காசுக்கும் அதுதான் பெயர். சொன்ன சொல் தவறாத குணத்துக்கும் அதுதான் பெயர். கடன் கொடுக்கும் சங்கத்துக்குப் பெயர் வைக்க வேண்டி வந்தபோது நம் முன்னோர்கள் 'கூட்டுறவு நாணயச் சங்கம்' என்றே வைத்தார்கள். தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குச் 'சிக்கன நாணயச் சங்கம்' என்ற பலகை நன்றாக நினைவிருக்கும். ஒருவனுடைய நாணயத்துக்கு யார் சாட்சி சொல்வது என்ற கேள்விதான் திரூர்ச் சங்கம் முதல் இன்றைய சிபில் ஸ்கோர் வரை தொடர்ந்து வருகிறது. சாட்சி மாறிவிட்டது. அது எப்படி மாறியது என்று தெரிந்துகொண்டால், இன்று கார்டு மறுக்கப்பட்டவருக்கு வழியும் தெரியும்; வருத்தமும் பாதி குறையும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை மாகாண விவசாயி கடனுக்கு லேவாதேவிக்காரரையும் மிராசுதாரையும்தான் நம்பியிருந்தார். வேறு வழி உண்டா என்று ஆராய மாகாண அரசு ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை நியமித்தது. அவர் 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். நம் ஊர் நிதிகளையும் அவர் கவனித்தார். 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்டு போன்றவை அப்போதே நடந்துகொண்டிருந்தன. ஆனால் கிராமத்துக்கு அவர் காட்டிய முன்மாதிரி ஜெர்மனியைச் சேர்ந்த ரைஃபைசன் என்பவருடைய முறை. ரைன் ஆற்றுப் பகுதியில் சிற்றூர்களின் மேயராக இருந்த அவர், ஏழைக் குடியானவர்களைச் சேர்த்துக் கடன் சங்கங்கள் நடத்திக் காட்டியவர்.

அந்த முறையின் உயிர்நாடி எளிமையானது. தனி ஒருவனுக்கு ஊர்பேர் தெரியாத பேங்க் கடன் கொடுக்காது. அதே ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டால், பணம் கொடுக்க ஆள் கிடைக்கும். 1904 சட்டமும் இதையே எடுத்துக்கொண்டது. பதினெட்டு வயது நிறைந்த பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். கிராமச் சங்கமாக இருந்தால் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கு விவசாயிகளாக இருக்க வேண்டும். சங்கத்தின் கடனுக்கு வரம்பில்லாத பொறுப்பையும் ஏற்க வேண்டும். அதாவது சங்கம் முழுகினால் ஒவ்வொருவர் சொத்தும் பதில் சொல்லும். சென்னை மாகாணத்தில் இதற்கு முதல் பதிவாளராக வந்தவர் பி.ராஜகோபாலாச்சாரி. இவர் பின்னாளில் திருவிதாங்கூர் திவானாகவும் 1920-இல் சென்னைச் சட்டமன்றக் கவுன்சிலின் முதல் தலைவராகவும் ஆனவர். நம் ராஜாஜி வேறு.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் இதில் முன்னால் நின்றது. திரூர் அந்த மாவட்டத்து ஊர். (திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997-இல்தான்.) அதே 1904-இல் அதே மாவட்டத்துக் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கி பதிவானது. அடுத்த ஆண்டே, இந்தச் சங்கங்களுக்குப் பணம் கொடுக்கச் சென்னையில் மத்திய நகர வங்கி ஏற்பட்டது. இன்றைய தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியின் வேர் அதுதான்.

சங்கத்தில் ஒருவர் கடன் கேட்டால் பஞ்சாயத்தார் கூடிப் பேசுவார்கள். எதற்குக் கேட்கிறான், ஏர் மாட்டுக்கா, கல்யாணத்துக்கா? நிலம் எவ்வளவு? ஜாமீன் யார்? எதிர்த்த வீட்டுக்காரரே கமிட்டியில் உட்கார்ந்திருக்கும்போது பொய் சொல்ல முடியாது. அவர் தலையிலும் பொறுப்பு இருக்கிறது என்பதால் அவரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட மாட்டார். மழை பொய்த்ததால் கட்ட முடியவில்லையா, குடித்துக் கெட்டதால் கட்டவில்லையா என்பதும் அவருக்குத் தெரியும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழையதெல்லாம் பொன் என்று சொல்லிவிட முடியாது. ஊர்க்காரர் சாட்சி சொல்ல வேண்டும் என்றால், ஊர் யாரை மதிக்கிறதோ அவருக்குத்தான் சாட்சி கிடைக்கும். நிலமில்லாத கூலிக்காரருக்கும் சேரியில் இருந்தவருக்கும் பெண்களுக்கும் புதிதாகக் குடிவந்தவருக்கும் யார் ஜாமீன் நிற்பார்கள்? பஞ்சாயத்தாரின் சொந்தக்காரருக்கு மட்டும் கடன் தாராளமாகப் போன சங்கங்களும் உண்டு. விளைவு என்ன? 1951–52-இல் ரிசர்வ் வங்கி ஏற்பாட்டில் கோர்வாலா தலைமையில் நாடு முழுவதும் கிராமக் கடன் பற்றிய பெரிய ஆய்வு நடந்தது. ஐம்பது வருடக் கூட்டுறவுக்குப் பிறகும் விவசாயிகள் வாங்கிய கடனில் சங்கங்கள் கொடுத்தது சுமார் 3 சதவீதம்தான். ஏறக்குறைய 70 சதவீதம் வட்டிக்காரர்களிடமிருந்தே வந்தது.

அதே காலத்தில் நம் பகுதி மாறத் தொடங்கியது. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி உருவாகி அம்பத்தூருக்கு வந்தது. அறுபதுகளில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குடியேறினார்கள். இவர்களுக்கு ஊர்ச் சாட்சி கிடையாது. மாதச் சம்பளம் உண்டு. இங்கேதான் ஊழியர் சிக்கன நாணயச் சங்கங்கள் கை கொடுத்தன. மாதம் ஒரு சிறு தொகை சிக்கனமாகப் பிடித்தம். கடன் வேண்டுமானால் கூட வேலை செய்கிற உறுப்பினர்கள் ஜாமீன் கையெழுத்து. தவணை சம்பளத்திலிருந்தே போய்விடும். கிராமத்தில் எதிர்த்த வீட்டுக்காரர் செய்த வேலையை இங்கே பக்கத்து மெஷின்காரர் செய்தார். மகள் கல்யாணமும் மகன் காலேஜும் திருமுல்லைவாயிலில் வாங்கிய அரை கிரவுண்டும் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடந்தன.

1969 ஜூலை 19-இல் 14 பேங்குகள் தேசியமயமானபோது நம் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் இருந்தன. கிளைகள் நம் தெருவுக்கு வந்தன. ஆனாலும் கணக்குத் திறக்க ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் 'இன்ட்ரொடக்‌ஷன்' கையெழுத்துப் போட வேண்டியிருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதுவும் ஒரு நாணயச் சாட்சிதான்.

சங்கமும் பேங்கும் எட்டாதவர்களுக்கு மூன்று வாசல் இருந்தன. முதலாவது அடகுக் கடை. பூந்தமல்லி பஜாரானாலும் ஆவடி மார்க்கெட்டானாலும் அது இல்லாத தெரு இல்லை. பொருள் கையில் இருப்பதால் அங்கே யாரும் உங்கள் குணத்தை விசாரிப்பதில்லை. இதற்கென்று 1943-இலேயே அடகு பிடிப்போர் சட்டம் வந்துவிட்டது. இரண்டாவது சீட்டு. ஏலச்சீட்டு எடுத்தவர் மீதித் தவணைக்கு ஜாமீன் காட்ட வேண்டும். அங்கேயும் ஆள் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1961-லும் நாடு முழுமைக்கும் 1982-லும் சீட்டு நிதிச் சட்டங்கள் வந்தன. மூன்றாவது தண்டல். காலையில் கொடுத்துச் சாயங்காலம் வசூலிக்கும் அந்தக் கடனும் மீட்டர் வட்டியும் எத்தனை குடும்பங்களை அழித்தன என்று சொல்லத் தேவையில்லை. 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவரும் அளவுக்கு அது முற்றியது.

இந்த மூன்று வாசலிலும் ஒரு பொதுக் குறை உண்டு. நீங்கள் இருபது வருடம் அக்கம்பக்கத்துச் சீட்டுக்கு ஒரு மாதமும் தவறாமல் கட்டியிருக்கலாம். அது எந்தப் பேரேட்டிலும் ஏறாது. தெரு மாறினால் அந்த நற்பெயர் கூட வராது.

பேரேட்டில் எழுதி வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. 1841-இல் நியூயார்க்கில் லூயிஸ் டாப்பன் என்பவர் ஒரு நிறுவனம் ஏற்படுத்தினார். ஊர் ஊராக ஆள் வைத்து, எந்த வியாபாரி ஒழுங்காகக் கட்டுகிறார், யார் இழுத்தடிக்கிறார் என்று விசாரித்துப் புத்தகத்தில் எழுதிச் சந்தாதாரர்களுக்குச் சொல்வதுதான் வேலை. பின்னால் அது சாதாரணக் குடும்பத்தார் வரை வந்தது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் உரிமை அமெரிக்கர்களுக்குச் சட்டமாகக் கிடைத்தது 1970-இல்.

நம் நாட்டில் கார்டு முதலில் வந்தது; பேரேடு பிறகுதான் வந்தது. 1961-இல் டைனர்ஸ் கிளப் கார்டு வந்தபோது அது பெரிய மனிதர்கள் விஷயம். 1980-இல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா தன் கார்டைக் கொண்டுவந்தது. தொண்ணூறுகளில் வெளிநாட்டு பேங்குகள் இறங்கின. அதன்பின், கடை வாசலில் மடக்கி மடக்கிக் "கார்டு வேணுமா சார்?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. ஒரு பேங்கில் பாக்கி வைத்தவர் அடுத்த பேங்கில் கார்டு வாங்க முடிந்தது. ஒருவருக்கொருவர் தகவல் இல்லை. இதை அடைக்கத்தான் சித்திக்கி கமிட்டியின் யோசனைப்படி 2000 ஆகஸ்டில் சிபில் நிறுவப்பட்டது. 2004-இல் தனிநபர் விவரங்களைத் தரத் தொடங்கியது. 2005-இல் இதற்கான சட்டம் வந்தது. 2007-இல் 300 முதல் 900 வரையான மதிப்பெண் வந்தது. இன்று சிபில் போல இன்னும் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. பேச்சில் எல்லாமே 'சிபில்' ஆகிவிட்டது.

இந்தப் பேரேட்டுக்குச் சாதி தெரியாது, தெரு தெரியாது, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. பழைய பஞ்சாயத்தாரிடம் நிற்க முடியாத எத்தனையோ பேருக்கு இது பெரிய வரம். ஆனால் அதே காரணத்தால், வெள்ளத்தில் மெஷின் முழுகியதும் அதற்குத் தெரியாது. தவணை வந்ததா இல்லையா என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே மொழி. கடனே வாங்காதவர் பக்கம் வெற்றுத் தாள். வெற்றுத் தாளைக் கெட்ட பெயர் என்று நினைக்கக் கூடாது. முதல் முறை கடன் கேட்பவரைப் பழைய வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்க வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2025 ஜனவரியில் பேங்குகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஆனாலும் முடிவு பேங்கின் கையில்தான்.

அப்படியானால் வழி என்ன? பழைய வழியேதான்: ஜாமீன். கூட வேலை செய்கிறவர் ஜாமீனுக்குப் பதிலாக, உங்கள் சொந்த டெபாசிட்டே உங்களுக்கு ஜாமீன் நிற்கும். எஃப்.டி.யை ஈடாக வைத்துக் கொடுக்கும் கார்டு பல பேங்குகளில் உண்டு. 20,000 ரூபாய் டெபாசிட் போட்டால் பெரும்பாலும் அதில் 75 முதல் 90 சதவீதம் வரை, அதாவது 15,000 முதல் 18,000 ரூபாய் வரை லிமிட் தருவார்கள். டெபாசிட்டுக்கு வட்டி வந்துகொண்டே இருக்கும். கார்டு இருக்கும்வரை அதை எடுக்க முடியாது, அவ்வளவுதான். கட்டாமல் விட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அடகுக் கடைத் தத்துவம்தான். ஆனால் இங்கே ஒழுங்காகக் கட்டியது பேரேட்டில் ஏறும். பேங்கில் வைத்த நகைக்கடனை ஒழுங்காக மீட்டாலும் ஏறும்.

கார்டு வந்தபின் மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு மருந்தோ மின்கட்டணமோ மளிகையோ போதும். லிமிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றுகொள்ளுங்கள். கெடு தேதிக்கு முன் முழு பில்லையும் கட்டுங்கள். 'மினிமம் டியூ' கட்டினால் போதும் என்று அச்சிட்டிருப்பதை நம்பி இறங்காதீர்கள். பாக்கிக்குப் பெரும்பாலான கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. வருடத்துக்கு 36-ஐத் தாண்டும். ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆறு மாதம், ஒரு வருடம் இப்படி ஒழுங்காகப் போனால் வெற்றுத் தாளில் எழுத்து விழும். பழைய கறையும் மங்கத் தொடங்கும். ஒரு பேங்க் மறுத்தால் உடனே அடுத்தடுத்து நாலு பேங்கில் மனுப் போடாதீர்கள். ஒவ்வொரு மனுவும் பேரேட்டில் பதிவாகி, 'இவர் அலைகிறார்' என்று காட்டும்.

அதற்கெல்லாம் முன்னால் பேரேட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். 2017 ஜனவரி முதல் ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இங்கேதான் நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று 'செட்டில்டு' என்ற சொல். பாக்கி ஐம்பதாயிரம் இருக்க முப்பதாயிரத்தில் பேசி முடித்திருப்போம். கணக்குத் தீர்ந்தது என்று நாம் நிம்மதியாக இருப்போம். பேரேட்டில் அது 'குளோஸ்டு' ஆகாது. முழுதாகக் கட்டவில்லை என்றே அர்த்தம். முடிந்தால் மீதியையும் கட்டி, பாக்கியில்லை என்ற சான்றிதழ் வாங்கித் திருத்தச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, ஜாமீன் கையெழுத்து. நாணயச் சங்கத்தில் நண்பனுக்குக் கையெழுத்துப் போட்ட பழக்கத்தில், அண்ணன் மகனின் வண்டிக் கடனுக்கும் மாப்பிள்ளையின் தொழில் கடனுக்கும் போட்டுவிடுகிறோம். பேங்க் கடனில் ஜாமீன்தாரர் பெயரும் பேரேட்டில் ஏறுகிறது. அவர் தவணை தவறினால் கறை உங்கள் பக்கத்திலும் விழும். சங்கத்தில் கூட வேலை செய்கிறவன் கட்டாவிட்டால் மறுநாள் கேன்டீனில் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். கோயம்புத்தூரில் இருக்கும் மாப்பிள்ளை தவணை தவறியது உங்களுக்கு எப்படித் தெரியும்?

தப்பு இருந்தால் விடாதீர்கள். புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் விதி. கார்டு மனுவை நிராகரித்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். 'ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்' என்று போனில் வருகிறவரிடம் ஒரு ரூபாயும் ஓ.டி.பி.யும் கொடுக்காதீர்கள். உண்மையான பதிவை எந்த ஏஜென்டாலும் அழிக்க முடியாது. தப்பான பதிவைத் திருத்தச் செலவே கிடையாது.

மறுபடி அந்தக் கேள்விக்கு வருகிறேன். கார்டு மறுக்கப்பட்டவர் நாணயம் இல்லாதவரா? திரூர்ப் பஞ்சாயத்தார் ஒருவரை வாசலில் நிறுத்தியபோது அவரை அறிந்து நிறுத்தினார்கள். சிலரை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். இன்றைய பேரேடு உங்களை அறியாமல் நிறுத்துகிறது. அறியாதவரிடம் கோபித்துப் பயனில்லை, அறிமுகம் செய்துகொள்ளலாம். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு மனிதர் கையெழுத்துப் போட வந்தார். இப்போது இருபதாயிரம் ரூபாய் டெபாசிட்டும் ஒரு வருடப் பொறுமையும் வேண்டியிருக்கிறது. பென்ஷன் பணத்தில் அது முடியாத வீடுகள் நம் தெருவிலேயே உண்டு. சிக்கன நாணயச் சங்கங்கள் இன்னும் நடக்கிற இடங்களில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் அதில் உறுப்பினராகச் சொல்லுங்கள். ஜாமீனுக்குக் கூப்பிட நாலு மனிதர்கள் இருப்பதன் அருமை, கார்டு மறுக்கப்படும் அன்றுதான் தெரிகிறது.